ஒட்டுப் போர்வை

செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, டாக்டர் என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மார்பு என்னுடையது. கட்டி என்னுடையது. ஊசிச் சோதனையும் (மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது) என் உடம்பில்தான் நடந்தது. முடிவை மட்டும் அவரிடம் சொன்னார்கள்.

என் கணவர் தேவராஜ் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணும் இல்ல சுகந்தி. சின்ன ஆபரேஷனாம்."

நான் எழுந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். "எனக்குச் சொல்லுங்க டாக்டர்."

"சார்கிட்ட எல்லாம் சொல்லிட்டேனேம்மா."

"ஆபரேஷன் சாருக்கா?"

அவருக்குக் கோபம் வந்தது. வந்தாலும் சொன்னார். மார்பகப் புற்று. இடது மார்பை எடுக்க வேண்டும், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் (நோய் முதலில் பரவும் சின்னச் சின்ன முடிச்சுகள்) எடுக்க வேண்டும். பிறகு கீமோதெரபி (புற்றுச் செல்களைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது), இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவையாக ஆறு தடவை. தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு முப்பத்தாறு வயது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குளிக்கும்போது அந்தக் கட்டி என் கையில் தட்டுப்பட்டு நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். வெட்கம்தான் காரணம். அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நீங்கள் நான்கு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள் என்னோடு இருந்தவள் ரோஸி, என் கணவரின் தங்கை. கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தாள். காயத்திலிருந்து குழாய் வழியாக ரத்தமும் நீரும் வடிகிற புட்டியைத் தன் கையால் கொட்டிக் கழுவினாள். நான் கண்ணாடி கேட்டபோது, "இப்ப இன்னாத்துக்கு அண்ணி அது, வூட்டுக்குப் போயி பாத்துக்கலாம்" என்று சொல்லித் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளைப் பற்றி இனிமேல் நான் எழுதப்போவதை இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கீமோ மருந்தில் பாதியை வெளியே வாங்க வேண்டியிருந்தது. எங்கள் கையிருப்பு மூன்றாவது தடவையோடு தீர்ந்துபோயிற்று. ரோஸிதான் எங்கள் சர்ச் சபையின் மாதர் சங்கத்தில் யோசனை சொன்னாள். வீட்டுக்கு ஒரு துண்டுத் துணி வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய போர்வை தைத்து, அறுப்புப் பண்டிகை ஏலத்தில் விடலாம் என்று.

எங்கள் ஊர் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் இருக்கிறது. எங்கள் முன்னோர்கள் அறுத்ததெல்லாம் அடுத்தவர் வயல். நாங்கள் கம்பெனிக்கும் ஆபீசுக்கும் போகிறவர்களாகிவிட்டோம். ஆனாலும் விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்புப் பண்டிகையை விடவில்லை. பூசணி, கோழி, வாழைத்தார், கேக் என்று அவரவர் கொண்டுவருவதைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, "சபைக்கே" என்று சொல்லிப் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே பூசணி நான்கு முறை விலைபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

போர்வை ரோஸி வீட்டுத் தையல் மிஷினில் உருவானது. கம்பெனி காக்கி, பள்ளிக்கூடப் பாவாடை, நைலக்ஸ் புடவை, பாடகர் குழுவின் வெள்ளை அங்கி, எல்லாம் சதுரம் சதுரமாக வந்தன. பெண்கள் அதற்கு ஒட்டுப் போர்வை என்று பேர் வைத்தார்கள்.

"நடுவுல ஒன் பொடவ வெக்கணும் அண்ணி. ஒனக்காகத்தான இது" என்றாள் ரோஸி.

பழையதைக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டே முறை கட்டியிருந்த பச்சைக் கைத்தறிப் புடவையின் முந்தானையை வெட்டிக் கொடுத்தேன். மூன்றாவது கீமோவுக்கும் நான்காவதுக்கும் நடுவில், வாந்தி நின்றிருந்த சில நாட்களில், போர்வையின் ஒரு பக்க ஓரத்தை நானே கையால் மடித்துத் தைத்தேன். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாத காலம் அது. பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து மற்ற ஓரங்களைத் தைத்தார்கள், கேலி பேசினார்கள். அந்த நாட்களில் எனக்கு உடம்பு இருப்பதே பாரமாகத் தெரியவில்லை.

பண்டிகையன்று மொட்டைத் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். போர்வையை இரண்டு பேர் விரித்துப் பிடித்தார்கள். நல்ல அழகு. டவுன்ஷிப்பிலிருந்து வருகிற இன்ஜினியர் ஒருவர் முதலில் எடுத்தார். "சபைக்கே" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருப்பவர் எடுத்தார். "சபைக்கே." மறுபடி கைதட்டல். ஏழு பேர் எடுத்தார்கள், ஏழு பேரும் திருப்பிக் கொடுத்தார்கள். இத்தனை அன்புக்கு நான் என்ன செய்தேன் என்று எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

எட்டாவதாக ரோஸியின் கணவர் எடுத்தார். அவர் ரோஸியைப் பார்த்தார். ரோஸி தலையை லேசாக ஆட்டினாள். "சபைக்கே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூசணி வீட்டுக்குப் போனது. கோழி போனது. கேக் போனது. போர்வை மட்டும் மேசையை விட்டு நகரவில்லை.

பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

"அவ பொடவயும் அதுல கீதுல்ல. ஒட்டிக்கிச்சின்னா? எவ எடுத்துகினு போவா?"

என் உடம்பில் எங்கே பற்றியது என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன். ஏலம் விட்டவர் சொன்ன தொகைக்கு மேல் ஐந்து ரூபாய் சொன்னேன்.

அவர் திகைத்துப்போனார். "அம்மா, ஒனக்காகத்தான ஏலமே நடக்குது. நீயே கேட்டா எப்பிடி?"

"கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதா? தரம் சொல்லுங்க."

ஒரு தரம், இரண்டு தரம் என்றார். யாராவது மேலே கேட்கட்டும் என்று கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மூன்று தரம். போய் வாங்கிக்கொண்டேன். "சபைக்கு இல்ல. என் வூட்டுக்கு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

கோயில் பின்னால் அடிபம்பு அருகே ரோஸி ஓடிவந்தாள். "இன்னா அண்ணி, இப்பிடி மானத்த வாங்கிட்டியே."

"ஒன் வூட்டுக்காரு எடுத்தாரே, நீ ஏன் கொண்டுபோவல?"

அவள் பம்புப் பிடியைப் பார்த்தாள். "வூட்ல பாப்பா கீது அண்ணி."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் அவள் வெளியிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் குழந்தையைத் தூக்கினாளாம். அதையும் அன்றைக்கே சொன்னாள். மறைக்கத் தெரியாதவள். தனக்கு வந்தால் வரட்டும் என்றுதான் என் கட்டிலுக்கடியில் படுத்திருந்திருக்கிறாள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்த கீமோவுக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். "இது ஒட்டுமா டாக்டர்?"

சிரித்தார். "யார் சொன்னா ஒட்டும்னு?"

"ஒட்டாதுன்னு நீங்க யார்கிட்டயும் சொல்லலையே. என் வீட்டுக்காரர்கிட்டயாவது சொன்னீங்களா?"

சிரிப்பு நின்றது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்றேன். "இந்த நோய் தொட்டாலோ, துணியாலோ, பாத்திரத்தாலோ ஒட்டாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆபீசில் என் டம்ளரைத் தனியே கவிழ்த்து வைத்திருந்தவர்களிடம் காட்டினேன். ரோஸியிடமும் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லலியே அண்ணி" என்றாள். பாப்பாவை மட்டும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வரவே இல்லை.

சிகிச்சை முடிந்தது. ரேடியேஷனும் (மிச்சமிருக்கும் செல்களைக் கதிரால் சுடுவது) முடிந்தது. கீமோ முடியும்வரை எனக்கு மாதமும் கிழமையும் கிடையாது. இருபத்தொரு நாட்கள்தான் காலம். பிறகு அது மூன்று மாதச் செக்கப் ஆனது; அடுத்ததற்கு எத்தனை நாள் என்று தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன். இடது கை நிணநீர் தேங்கி வீங்கியது. ஜாக்கெட்டின் ஒரு கையை மட்டும் பெரிதாகத் தைக்கக் கொடுத்தேன். எதைச் செய்தாலும், எங்கே நின்றாலும், அந்தக் கை என்னோடு தனி ஆளாக வந்துகொண்டிருந்தது.

அவர்கள் ஏலத்தில் கொடுத்த பணத்தில்தான் மிச்ச மருந்து வாங்கினேன். அதனால்தான் பிழைத்தேன். நன்றி கெட்டவள் என்று என்னைச் சபையில் பேசிக்கொண்டார்கள். நன்றி இருந்தது, ஆத்திரமும் இருந்தது. ஒன்று வந்ததால் மற்றது போய்விடவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்று உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள், ஆகையால் நான் சொல்கிறேன்.

மறு வருட அறுப்புப் பண்டிகைக்கு அதிரசம் சுட்டுக் கொண்டுபோனேன். மாவு இடித்தது, பாகு காய்ச்சியது, தட்டிப் போட்டு எடுத்தது எல்லாம் நான்தான். ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய இருந்தது. மேசையில் வைத்துவிட்டு நகராமல் அங்கேயே நின்றேன்.

"இது சபைக்குத் திரும்பி வரக்கூடாது. எடுக்கிறவங்க வூட்டுக்குக் கொண்டுபோய்த் திங்கணும். முடியாதவங்க கை தூக்க வேணாம்" என்றேன்.

ஏலம் விட்டவர் தொண்டையைச் செருமினார். போதகர் தரையைப் பார்த்தார். ஆரம்ப விலை சொல்லப்பட்டது. யாரும் கை தூக்கவில்லை. எங்கோ ஒரு கோழி கத்தியது. என் கணவர் என் முழங்கையைத் தொட்டார், வா போகலாம் என்பதுபோல. நான் போகவில்லை.

அப்புறம் ரோஸியின் குரல் கேட்டது. ஆரம்ப விலையைத்தான் சொன்னாள். மேலே கேட்க ஆளில்லை. மூன்று தரம் ஆனதும் வந்து டப்பாவை எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குத்தான் கொண்டுபோனாள். வழியில் கொட்டினாளா, நாய்க்குப் போட்டாளா என்று ஒரு வாரம் நான் யோசித்த யோசனை கீமோவை விட மோசம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். கழுவிய டப்பாவை என் கையில் திணித்தாள்.

"இன்னா அண்ணி, பாகை இப்பிடி முத்த வுட்டுட்டியே! கல்லு கணக்கா கீது. பாப்பா வுடமாட்டேன்னு ஒண்ணு வுடாம கடிச்சி, இப்ப பல்லு வலிக்குதுன்னு ஒரே அழுவ. ராவெல்லாம் பேஜாரு."

எனக்கு வந்ததே கோபம். "என் பாகா முத்துச்சி? டப்பாவ தெறந்து காத்தாட வெச்சிருப்ப!"

"நான் ஏன் தெறந்து வெக்கிறேன்? மாவே சரியில்ல."

"எங்கிட்ட வந்து மாவு பத்திப் பேசுறியா?"

கோயில் வாசலில் அரை மணி நேரம் நின்று சண்டை போட்டோம். போகிறவர்கள் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து தோள் விண்ணென்று வலித்தபோதுதான் தெரிந்தது, அவ்வளவு நேரமும் வீங்கிய கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டி ஆட்டிப் பேசியிருக்கிறேன். செக்கப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு முறைகூட நான் எண்ணியிருக்கவில்லை.