எஸ்தரும் இரண்டு மோட்டார் கிணறும்

போன வெள்ளிக்கிழமை காலை, பீளமேட்டில் எங்கள் பட்டறைக்கு வால்பாறையிலிருந்து போன் வந்தது. எஸ்தர் அவர்களின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்கண்ணா" என்றார். மஞ்சள் காமாலை என்று விடுப்பில் போனவர் எப்படியும் திரும்பிவிடுவார் என்று நம்பியிருந்தோம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை மறுநாள் வந்தது.

தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, கோவையில் பாலிடெக்னிக் படித்து, குறித்த நேரத்தில் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் எங்கள் டைமர் பெட்டிகளை வடிவமைத்தவர் அவர். அவற்றைச் சோதித்து அனுப்புவது என் வேலை. எங்களுக்குள் சண்டை வராத வாரம் கிடையாது. நான் பிழை கண்டுபிடித்தால், "கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டு வந்தீங்களாட்ட இருக்குது" என்பார். ஆனால் பிழையைத் திருத்தாமல் வீட்டுக்குப் போகமாட்டார்.

பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிக்குத் தானாக நேரம் தெரியாது. பக்கத்தில் துடிக்கும் ஒரு சின்னப் பொருளின் துடிப்பை எண்ணித்தான் அது நேரம் அறியும். ஆரம்பத்தில் அதற்குக் குவார்ட்ஸ் கிரிஸ்டல் போட்டோம். நேரம் தப்பாது. ஆனால் உள்ளே இருப்பது மெல்லிய சில்லு. பஸ் கூரையில் பார்சலாகப் போன பெட்டிகள் சில, அடிபட்டுச் செத்துத் திரும்பி வந்தன. எஸ்தர் அவர்கள் அதை எடுத்துவிட்டு, அதே வேலை செய்யும் செராமிக் ரெசொனேட்டரைப் போட்டார். கொஞ்சம் முன்னே பின்னே ஓடும், ஆனால் அடி தாங்கும். கிரைண்டர் டைமர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. புகார்கள் நின்றன, எல்லோரும் அவரைப் பாராட்டினோம்.

பிறகுதான் உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து அந்தப் புகார் வந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கிணறு, ஆளுக்கொரு மோட்டார். தண்ணீர் முறை வந்ததும் மோட்டாரை ஓட்டி, முடிந்ததும் நிறுத்த ஆளுக்கொரு பெட்டி எங்களிடம் வாங்கியிருந்தார்கள். நாளாக ஆக, அண்ணனின் முறையிலும் தம்பியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திருகித் தண்ணீரைத் திருடுகிறான் என்று அண்ணன் ஊரறியச் சொல்லிவிட்டார். மகள் கல்யாணத்துக்குத் தம்பிக்கு அழைப்பு கிடையாது என்றும் சொல்லிவிட்டார். திருட்டை நாங்கள் வந்து உறுதிப்படுத்த வேண்டுமாம்.

"வோல்டேஜ் கோளாறுன்னு சொல்லி, போர்டை மாத்திக் குடுத்துட்டு வந்துருங்க" என்றார் முதலாளி. எங்கள் ஊரில் எல்லாப் பழியையும் தாங்குவது வோல்டேஜ்தானே.

எஸ்தர் அவர்கள் மேசையில் இரண்டு ரெசொனேட்டர்களை ஓடவிட்டுப் பார்த்தார். ஒன்றுபோல் இன்னொன்று ஓடவில்லை; அந்தச் சின்ன வித்தியாசம் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். "எதுக்கு எது வேணும்னு நான் யோசிக்கலைங்க. கிரைண்டர்ல நிமிசம் கூடுனா மாவு நைசாப் போகும். இங்க அண்ணந்தம்பி உறவே போயிரும்" என்றார். புது போர்டுகளில் கிரிஸ்டலைப் போட்டு, அடி படாமலிருக்க ரப்பர் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன்.

தம்பி தன் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் பக்கத்தில் வரவில்லை. எஸ்தர் அவர்கள் தம்பியின் பெட்டியைச் சோதித்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்: "இதை யாரும் தொடலைங்க. உங்க தம்பி திருடலை. நான் போட்ட சாமான் நேரத்தைத் தப்பா எண்ணிப்போட்டுது. தப்பு என்னுதுங்க."

பெரியவர் வயலில் நின்ற தம்பியைப் பார்த்தார். பிறகு, "நீங்க ஒத்துக்கிட்டீங்க அம்மணி. நான் அவனைப் பேசுன பேச்சுக்கு என்னங்க பண்றது?" என்றார்.

"அதுக்கு மாத்துப் போர்டு எங்ககிட்ட இல்லீங்க. நீங்களேதான் போய்ச் சொல்லோணும்" என்றார் எஸ்தர் அவர்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்றில் இறங்கி அவர் நடந்தார். பாதி வழியிலேயே ஏதோ சொன்னார். மோட்டார் இரைச்சலில் காதில் விழவில்லை. தம்பி நிமிர்ந்து பார்த்தார். தன் முறைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வரப்பேறி வந்து மோட்டாரை நிறுத்தினார். "சொல்லுங்கண்ணா" என்றார்.

எஸ்தர் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அந்த முகத்தோடுதான் உங்களை நினைத்துக்கொள்வேன், எஸ்தர். அந்தப் பெட்டியைச் சோதித்து அனுப்பியவன் நான்; தப்பை நீங்கள் மட்டும் ஏற்றுக்கொண்டீர்கள். இனி என் பிழைகளை நானேதான் ஒத்துக்கொள்ளப் பழக வேண்டும். நிம்மதியாகத் தூங்குங்கள்.