கூரையில் கொழுவிய கரவன்

டண்டினொங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், கார்களின் பின்புறம் பூட்டும் இழுவைக் கொக்கிகள் செய்கிறோம். தங்கிப் போகச் சக்கரம் பூட்டிய சிறுவீடான கரவன், படகு, குதிரை ஏற்றும் பெட்டி எதுவானாலும் காரோடு சேருவது அந்தக் கொக்கியின் உருண்டைத் தலையில்தான். பதினெட்டு வருடமாக அங்கே வெல்டிங் ஒட்டுகளைச் சோதிக்கிறேன். ஒட்டு எங்கே விடும், விட்டால் என்ன நடக்கும் என்று உடைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால், காரின் கூரையில் கரவனைக் கொழுவி இழுக்கலாம் என்று ஒருவர் வந்து சொன்னபோது சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டேன்.

சொன்னவர் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர், மன்னார்க்காரி. பாடசாலை பஸ் ஓட்டுகிறார். அவருடைய கணவருக்கு முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை. அதிகம் பேசாத மனிதர். ஒருமுறை இருவரும் வாடகைக்கு ஒரு கரவன் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். பெருஞ்சாலையில் ஒரு பெரிய லொறி முந்திப் போக, அந்தக் காற்றில் கரவன் வாலாட்டத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு காரின் பின்பக்கத்தையே இடமும் வலமும் வீசுகிற அளவுக்கு. ஓட்டி வந்த மனைவி பிரேக்கை மிதிக்காமல் வேகத்தைத் தணித்து ஒருவாறு ஓரம் கட்டிவிட்டார். கணவர் இறங்கிப் புல்லில் உட்கார்ந்தவர் அரைமணி நேரம் எழும்பவில்லை. அதன்பிறகு அவர் எந்த விடுமுறைக்கும் வெளிக்கிடவில்லை.

"அவருக்கு வெளியில போய்த் தங்கிறதெண்டால் உயிர், அண்ணை," என்றார் மன்னார்க்காரி. "அந்த ஆட்டத்துக்குத்தான் பயம். ஆடாத ஒண்டு கிடைச்சால் வருவார்."

கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். எழுபதுகளின் சாதாரண நாலு கதவு செடான் கார் ஒன்று. அதன் பின்னால் சிறிய ஒட்டுப்பலகைக் கரவன். கரவனின் முன்பக்கத்திலிருந்து வாத்தின் கழுத்தைப் போல வளைந்த ஓர் இரும்புக்குழாய் எழும்பி, காரின் பின் பொதிப்பெட்டிக்கு மேலால் நீண்டு, கூரையின் பின்பகுதியில் வந்து உட்கார்ந்திருந்தது. கிப்ஸ்லாந்துப் பக்கம் பால்பண்ணை வைத்திருந்த ஒருவர் தானே செய்தது. அவர் காலமாகிவிட்டதால் குடும்பத்தார் விற்கிறார்கள் என்று எழுதியிருந்தது.

"தங்கச்சி, கார்க்கூரை ஒரு தகரம். மழைக்குத்தான் அது. பாரத்துக்கில்லை."

"பெரிய லொறியளில இழுக்கிற பெட்டியை எங்க கொழுவியிருக்கினம்? பின் சில்லுக்கு மேலதானே? அதுதான் அது வாலாட்டாது. லொறிக்குச் சரியெண்டால் காருக்கு ஏன் சரிவராது?"

பதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாலாட்டத்துக்குக் காரணமே, கொக்கி பின்சில்லுகளை, அதாவது பின்சக்கரங்களைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான். இணைப்பு சில்லுகளுக்கு நேர்மேலே இருந்தால் கரவனால் காரின் பின்பக்கத்தைப் பிடித்துத் திருப்ப முடியாது. பதினெட்டு வருடமாக அந்த நீட்டிய கொக்கியைச் செய்து தருகிற எனக்கு, அதை ஒரு பஸ் சாரதி நினைவூட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் தகரம் தகரம்தானே என்று வாதாடினேன். "வந்து பார்த்துப்போட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

சனிக்கிழமை போனோம். அந்தப் பண்ணைக் கொட்டகைக்குள் நின்ற காரின் பின்கதவைத் திறந்து, சீற்றில் மல்லாந்து படுத்து, மேலே பார்த்தேன். கூரையின் உள்துணி நாலு இடத்தில் வெட்டப்பட்டுச் சுற்றிலும் அழகாகத் தைக்கப்பட்டிருந்தது. அவற்றினூடாக, மேலே இணைப்பைத் தாங்கிய நாலு இரும்புக்கால்கள் இறங்கின. இரண்டு, பின்சீற்றின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து தரைக்குப் போயின. மற்ற இரண்டும் கதவுத் தூண்களோடு ஒட்டி இறங்கின. தரைக்கடியில் நாலும் ஒரு சட்டத்தில் சேர்ந்திருந்தன. பாரம் கூரையைத் தொடவேயில்லை. கூரை வெறும் தொப்பிதான். கீழேயிருந்த சட்டம் எல்லாவற்றையும் தாங்கியது.

வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டு ஒட்டாகப் பார்த்தேன். ஒரு நிதானமான மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்திலும் அதே ஒழுங்கு. எங்கள் தொழிற்சாலையில் இயந்திரக் கை போடுகிற ஒட்டுகளில்கூட நூற்றுக்கு ஒன்றிரண்டைத் திருப்பி அனுப்புவேன். இங்கே திருப்பி அனுப்ப ஒன்றும் அகப்படவில்லை. யாரென்று தெரியாத அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. கடைசி ஒட்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

"என்ன அண்ணை, எப்பிடியிருக்கு?"

"வாங்கலாம், தங்கச்சி."

வாங்கியதோடு முடியவில்லை. அனுமதி பெற்ற பொறியியலாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் அதை வீதியில் ஓட்ட முடியாது. அவர் இரண்டு இடத்தில் தடித்த போல்ற் போடச் சொன்னார், இணைப்பு அறுந்தாலும் பிடிக்கிற சங்கிலி கேட்டார். நான் செய்து கொடுத்தேன். ஒரு ஞாயிறு, ஆளில்லாத தொழிற்பேட்டை வீதிகளில் கரவனுக்குள் தண்ணீர்க் கான்களை அடுக்கி ஓடிப் பார்த்தோம். பஸ் சாரதி வேண்டுமென்றே ஸ்டியரிங்கை வெட்டி ஆட்டினார். காரோடு சேர்ந்து கரவன் ஒருமுறை சாய்ந்தது, உடனே நிமிர்ந்து பின்னால் வந்தது. அடுத்த ஞாயிறு கணவரைப் பின்சீற்றில் இருத்தினோம். அவர் ஒரு கையால் அந்த இரும்புக்காலைப் பிடித்தபடி வந்தார். திரும்பி வந்து இறங்கி, "இன்னொருக்கால் போவம்" என்றார்.

முதல் பயணத்துக்கு நானும் மனைவியும் எங்கள் காரில் அவர்களுக்கு முன்னால் போனோம். கிப்ஸ்லாந்து மலைக்காட்டு வீதி. ஒரு வளைவுக்கு அப்பால் நாலு வண்டிகள் நின்றன. ராத்திரி அடித்த காற்றில் பெரிய யூகலிப்டஸ் மரமொன்று வீதிக்குக் குறுக்கே விழுந்திருந்தது. அதை வெட்ட ஆட்கள் வர மாலையாகும் என்று முன்னால் நின்றவர் சொன்னார். நின்றவற்றில் மூன்று, பெரிய நாலுசில்லு வண்டிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் நீளக் கரவன். ஒருபக்கம் மலைச்சுவர், மறுபக்கம் சரிவு. பின்னாலிருந்த வளைவில் என்ன வருகிறதென்று தெரியாமல் பின்னுக்கெடுக்க முடியாது. வரிசையில் கடைசியாக நின்றது எங்கள் பஸ் சாரதியின் வண்டி. அது நகராமல் மற்றவர்கள் அசைய முடியாது.

அந்த மூன்று வண்டிக்காரரும் இறங்கி வந்து அந்தக் கூரைக் கழுத்தை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருவர் தலையைச் சொறிந்து, கழற்றித்தான் ஆகவேண்டும், நாங்கள் தள்ளித் தருகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பஸ் சாரதி நன்றி சொல்லி மறுத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணை, நீங்கள் வளைவில போய் நிண்டு வாற வாகனத்தை மறியுங்கோ. அன்ரி சரிவுப் பக்கம் நிண்டு சில்லைப் பார்க்கட்டும்." என் மனைவியைத்தான் அன்ரி என்றார்.

வளைவில் நின்றபடி பார்த்தேன். காரை மெல்லப் பக்கவாட்டில் வெட்டினார். சாதாரணக் கொக்கியென்றால் அந்த இடத்தில் கரவனின் கம்பி பம்பரில் முட்டி நசுங்கியிருக்கும். இங்கே கழுத்து கூரைக்கு மேலே இருந்ததால், அதன் கீழே கார் தன்பாட்டில் சுழன்றது. கார் கரவனுக்குச் செங்குத்தாக நின்றது. பிறகு கரவனின் மூக்கைத் தூக்கிக்கொண்டு அரைவட்டமாக நடந்தது. கரவன் தன் சில்லிலேயே நின்று திரும்பியது. நடுவில் ஒருகணம் அதன் பின்பக்கம் மலைச்சுவரையும் கார் சரிவின் ஓரத்தையும் ஏறக்குறைய தொட்டன. "இன்னும் ஒரு அடி இருக்கு, வாங்கோ" என்று என் மனைவி கையைக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் வந்த வழியைப் பார்த்து நின்றது.

யாரும் கைதட்டவில்லை. தலையைச் சொறிந்தவர் மட்டும் காரைச் சுற்றி வந்து கூரை இணைப்பைத் தொட்டுப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். நான் சொன்னேன். இதைப்போல ஒன்றைத் தான் கண்டதேயில்லை என்றார்.

பஸ் சாரதி இறங்கி, மற்ற மூன்று கரவன்களையும் கழற்றச் சொன்னார். பாடசாலைப் பிள்ளைகளை வரிசைப்படுத்துகிற அதே குரல். பெரிய மனிதர்கள் சொன்னபடி கேட்டார்கள். ஒவ்வொரு கரவனாக எட்டுப் பேர் கையால் தள்ளித் திருப்பினோம். வண்டிகளைத் தனியாகத் திருப்பி மறுபடி கொழுவினோம். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அதற்குள் கணவர் தன் கரவனின் கதவைத் திறந்து அடுப்பை மூட்டி, எல்லாருக்கும் இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தார். தள்ளிக் களைத்தவர்கள் வீதியோரத்தில் நின்று குடித்தார்கள்.

சுற்றுவழியால் போய்ப் பின்னேரம் கடற்கரைக்குச் சேர்ந்தோம். அந்த மூன்று கரவன்காரரும் எங்களைத் தொடர்ந்து அங்கேயே வந்து தங்கினார்கள். மறுநாள் நாங்கள் நித்திரையால் எழும்பியபோது கணவர் கடலில் நின்று மீன்தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அவர்கள் என்னைக் கேட்டுப் போவதில்லை. போன பள்ளி விடுமுறைக்கு சிட்னியில் மெரிலேண்ட்ஸில் இருக்கிற பஸ் சாரதியின் தங்கை வீட்டுக்கு இருவரும் தனியாகவே போய்ச் சேர்ந்து, அங்கிருந்து தொலைபேசி எடுத்தார்கள். பேசியது கணவர். வழி முழுக்க எங்கெங்கே நிறுத்தினார்கள், எந்த ஆற்றங்கரையில் என்ன சமைத்தார் என்று அரைமணி நேரம் சொன்னார். அந்த மனிதர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.