கிருமி இருந்தது, காரணம் அது இல்லை

வலியசாலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள முதியோர் இல்லத்தில் என் அத்தை இருக்கிறார். ஒருநாள் பார்க்கப் போனபோது, "நீ யாருடி?" என்று என்னையே கேட்டார். பதறிப்போனேன்.

"யூரின் டெஸ்டில கிருமி உண்டு சேச்சி, அதான் இந்தக் குழப்பம். பயப்பட வேண்டா," என்றார் அங்கிருந்த மலையாளி நர்ஸ். மாத்திரை கொடுத்தார்கள். அத்தை இன்னும் மந்தமாகிக்கொண்டே போனார். பொறுக்கச் சொன்னார்கள், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"மூத்திரம் போறப்போ எரிச்சல் உண்டோ? காய்ச்சல்?" என்று டாக்டர் கேட்டார். இரண்டும் இல்லை.

"வயசானவங்களுக்கு மூத்திரத்தில கிருமி சும்மாவும் இருக்கும். வேற காரணம் தேடணும். எங்கேயாவது விழுந்தாங்களா?"

இல்லத்துக்குப் போன் செய்தேன். சில வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அத்தையின் தலை சுவரில் இடித்ததாம். காயம் இல்லாததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேனில் பார்த்தால், தலைக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. அன்றே ஆபரேஷன். தெளிந்ததும் அத்தை, "லலிதா, காப்பி குடிச்சியோடி?" என்றார். அழுதுவிட்டேன்.

அத்தை பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தாலும் இன்னும் மனம் அடித்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் யூரினில் கிருமி என்று சொன்னால், எரிச்சலோ காய்ச்சலோ உண்டா என்று பார்த்து, டாக்டரிடமும் கேட்கச் சொல்கிறேன். இல்லத்தில் தினமும் நான் கேட்கும் முதல் கேள்வி, "அத்தை எங்கேயாவது விழுந்தாரா?" என்பதுதான்.