பெரிய வளையம்

இன்று காலை அப்பா கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டபோது எழுந்த மணம், எங்கள் வெக்ஸ்போர்ட் பகுதியில் இப்போது பல் வைத்தியசாலையாகிவிட்ட, துவக்கு எண்ணெய் மணத்த அந்த வேட்டைச் சாமான் கடைக்குள் என்னை மீண்டும் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்பாவோடு வேலை செய்த யூட் அங்கிள், கரடி வேட்டைக்கென வாங்கிய பெரிய துவக்கில் பூட்டுவதற்குக் குறிபார்க்கும் இரும்பு வளையம் தேடிச் சனிக்கிழமைகளில் அங்கே போவார். நானும் அப்பாவும் கூடப் போவோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைத் துணியின்மேல் அவை மோதிரங்களைப் போலக் கிடக்கும். கடைக்காரர் எங்கள் முகங்களை விட்டுக் கைகளையே கவனித்துக்கொண்டிருப்பார். அப்பா கதவோரமாக, கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடி நிற்பார். தான் துவக்கைத் தொட்டே அறியாதவர் என்று அகதி விசாரணையில் அவர் சொன்னதை நம்பித்தான் இந்த நாடு எங்களை ஏற்றிருந்தது.

ஒருநாள் அங்கிள் சிறிய வளையமொன்றினூடாக, ஒரு கண்ணை இறுக மூடி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது சரிவராது அண்ணை," என்றார் அப்பா, கதவோரத்திலிருந்தே. "பாஞ்சு வாற மிருகத்துக்குப் பெரிய வளையம் வேணும். மற்றக் கண்ணையும் திறந்து வைச்சிருங்கோ."

அங்கிள் சிரித்தார். "துவக்குத் தொடாத மனிசன் எனக்குப் பாடம் எடுக்கிறார்! உதெல்லாம் எங்கை படிச்சனீர்?"

"படத்திலை பாத்தனான்," என்றார் அப்பா உடனே.

அப்பா படம் பார்த்து நான் கண்டதில்லை. அங்கிள் பெரிய வளையத்தையே வாங்கினார். அதன் பிறகு அப்பா அந்தக் கடைக்கு வரவேயில்லை.

இன்று கீலில் வழிந்த எண்ணெயை அவர் பழந்துணியால் ஒரு சொட்டும் மிஞ்சாமல் துடைப்பதைப் பார்த்தபடி நின்றேன்.

"என்ன பிள்ளை, உப்பிடிப் பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அப்பா," என்றேன். அன்று கடையில் அவருடைய பதில் வந்த அதே வேகத்தில் என்னுடையதும் வந்தது.