தவறிப்போன குல்லாப் பை

ஈப்போவில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறேன். மத்தியானத்தில் சிமெண்டுத் தரை கொதிக்கும். இப்படிப்பட்ட ஊரில் கம்பளிக் குல்லா சேர்க்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் தலையைத்தான் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. சேர்ப்பதோடு சரி, போடுவதில்லை.

ஒருமுறை நண்பர்களோடு கேமரன் மலைக்குப் புறப்பட்டபோது, குளிருக்கு வேண்டுமே என்று பண்டல் கடையில் ஒரு குல்லா வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வரும் பழைய துணிகளைக் கொட்டி விற்கும் கடை அது. குல்லா, மலையேறுபவர்களுக்கு உடுப்பு செய்யும் ஒரு கம்பெனியுடையது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். காதருகே கிழிந்த இடத்தை யாரோ வேறு நிற நூலால் பொறுமையாகப் பின்னி மூடியிருந்தார்கள். நான் பனியைப் பார்த்ததே இல்லை. இது பார்த்திருக்கும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு எந்தப் பண்டல் கடைக்குப் போனாலும் குவியலின் அடியில் கைவிட்டு அந்தக் கம்பெனியின் பழைய லேபிளைத் தேடுவது பழக்கமாகிவிட்டது. புதிதாக வருகிறவை வேண்டாம். நூல் தடித்த, கொஞ்சம் சொரசொரப்பான அந்தக் காலத்துக் குல்லாக்கள்தான் வேண்டும். அவற்றில் மஞ்சள் நிறத்தில், பழுப்புக் கோடு போட்ட ஒன்றுக்காக வருடக்கணக்கில் அலைந்தேன். கடைசியில் லூமுட்டில், பங்கோர் தீவுக்கு ஃபெரி ஏறப் போன இடத்தில், ஒரு சாலையோரக் கடையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அன்று ஃபெரியைக் கோட்டை விட்டோம். என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

போன தீபாவளிக்கு முன்னால் வீட்டில் அலமாரியைக் கறையான் பிடித்தது. மருந்தடிக்க ஆள் வந்தபோது குல்லாக்களையெல்லாம் ஒரு கறுப்புப் பையில் கட்டிக் கூடத்தில் வைத்தேன். பக்கத்திலேயே, ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதற்காக மனைவி பழைய துணிகளைக் கட்டி வைத்திருந்தாள். அதுவும் கறுப்புப் பைதான்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தேன். கூடம் காலியாக இருந்தது.

"இங்க இருந்த பை எங்க?"

"வேன் வந்துச்சு, ரெண்டையும் குடுத்திட்டேன்" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. "ஐயோ! அதுல உங்க குல்லாவா இருந்துச்சு?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவள்தான் அழுதாள். இல்லத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டோம். யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் காரில் கிளம்பினோம். சுங்காய் தாண்டி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஆகிவிட்ட ஓர் இடத்தில், பழைய தோட்ட ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் அந்த இல்லம் இருந்தது. வழி நெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்: வயதானவர்கள் போட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் கேட்கக் கூடாது, பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

வாசலில் இறங்கியதும் கொடிதான் கண்ணில் பட்டது. என் குல்லாக்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. துவைத்தே விட்டார்களோ என்று பயந்தேன். பழைய கம்பளியைச் சுடுதண்ணீர் மெஷினில் போட்டால் சுருங்கிப் பொம்மைத் தலைக்குக்கூடப் பத்தாது.

"துவைச்சிட்டீங்களாக்கா?" என்றேன், வெளியே வந்த பராமரிப்பு அக்காவிடம்.

"எங்கலா துவைக்கிறது? கையாலதான் அலசணும்னு உள்ள லேபிள்ல போட்டிருக்கு. அதுக்கு யாரு இருக்கா? பூச்சி உருண்டை வாடை தாங்கல, அதான் காத்தாட போட்டேன்" என்றார். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கிட்டே போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தன. மஞ்சள் குல்லா மட்டும் இல்லை.

மனைவி நடந்ததைச் சொன்னாள். அக்கா சிரித்துவிட்டார். "நல்லவேளை வந்தீங்க. இந்த வெயில்ல இத யார் தலைல மாட்டுறதுன்னு நானே முழிச்சிக்கிட்டு இருந்தேன். எடுத்திட்டுப் போங்கண்ணே. ஒண்ணே ஒண்ணுதான் உள்ள ஒரு தாத்தா போட்டிருக்காரு."

உள்ளே ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நேர் கீழே இருந்த கட்டிலில் ஒரு பெரியவர் மஞ்சள் குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். அது புருவத்தையும் தாண்டி இறங்கியிருந்ததால், என்னைப் பார்க்க முகத்தை மேலே தூக்கினார்.

"இது உன்னுதா தம்பி?"

"இருக்கட்டும் ஐயா. நீங்களே வச்சிக்குங்க." சொல்லிவிட்டேன். மனது கொஞ்சம் அடித்துக்கொண்டதுதான்.

"வச்சிக்கிட்டு என்னா பண்றது? கண்ண மறைக்குது, நெத்தி அரிக்குது. ஏர்கோன் காத்து மண்டைல அடிக்குதேன்னு போட்டேன். வேற சின்னதா இருந்தா குடு, போதும்."

மனைவி வெளியே ஓடிப்போய்க் கொடியிலிருந்து நீலத்தில் ஒன்றை எடுத்து வந்தாள். என்னிடம் இருந்தவற்றிலேயே மெல்லிய நூல் அதுதான். அவள் எப்படித் தெரிந்து எடுத்தாள் என்று எனக்கு ஆச்சரியம். குல்லாக்களைப் பற்றி நான் சொல்லும்போதெல்லாம் அவள் காதில் வாங்கியதாகவே தெரியாது. பெரியவர் போட்டுப் பார்த்தார், சரியாக உட்கார்ந்தது. "இது ஓகேலா" என்று மஞ்சளை என்னிடம் நீட்டினார். அவருடைய தலைச்சூடு இன்னும் அதில் இருந்தது.

அந்த நீலம் போனதில் எனக்கு வருத்தமே வரவில்லை. கிளம்புவதற்கு முன், ஏர்கோன் காற்று தலையில் அடிக்காமல் இருக்கப் பக்கத்து அறையில் காலியாக இருந்த இடத்துக்கு அவருடைய கட்டிலைத் தள்ளிப் போடலாமா என்று மனைவி கேட்டாள். அக்கா சரி என்றதும் நானும் அவளும் இரண்டு பக்கமும் பிடித்து நகர்த்தினோம். பெரியவர் குல்லாவைக் கழற்றவில்லை.

திரும்பும்போது காரில் பின்னால் இடம் இருந்தும் மனைவி குல்லாப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். சுங்காய் வந்ததும், "சாப்பிட்டுப் போலாம், பசிக்குது" என்றாள். மாமாக் என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாய் ஆளுக்கு இரண்டு சொன்னோம். எதிர் நாற்காலியில் பையை வைத்துவிட்டு, யாராவது தூக்கிவிடுவார்களோ என்று இருவரும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.