ஒரு ‘ஃபார்’ குறைந்த கதை

‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின்னால் நான் போட்டிருந்த ‘அபௌட்’டைத் துரை சிவப்பு மசியால் அடித்தார். “வேண்டாத இடத்தில் எல்லாம் வால் ஒட்டாதே” என்று ஆபீஸ் முழுவதும் கேட்கச் சொன்னார். இங்கிலீஷ் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டு சொன்னபடி கேட்கும். இங்கிலீஷிலோ எந்த வினைக்குப் பின்னால் எது வரும், எதற்கு ஒன்றுமே வராது என்பதற்கு நியாயமே கிடையாது.

கல்கத்தாவில் நாங்கள் தெற்கத்திக் குமாஸ்தாக்கள் சிலர் பவானிபூரில் ஒரு மெஸ்ஸில் இருந்தோம். பெண்களுக்கு அங்கே இடமில்லை. கல்யாணமாகி ஒரு மாதம்கூட நான் என் மனைவியோடு சேர்ந்து இருந்ததில்லை. அவள் மாயவரத்தில் தன் அம்மாவோடு இருந்தாள். அவள் குரல் எனக்கு மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அப்போதுதான் கம்பெனிக் கிடங்குக்குப் பின்னால் சமையலறையோடு ஒரு வீடு காலியாயிற்று. அவளைக் கொண்டுவந்து விட அவள் அண்ணா தயார். வீட்டைக் கொடுப்பது துரை கையில்; அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

டிராமில் வழியெல்லாம் ‘செண்ட் ஃபார் மை வைஃப்’ என்று உருப்போட்டேன். துரைக்கு முன்னால் நின்றதும் அந்த ‘ஃபார்’ மேல் சந்தேகம் வந்துவிட்டது. இதுவும் வால்தானோ? எதற்கு வம்பு என்று விட்டுவிட்டு, “ஐ வாண்ட் டு செண்ட் மை வைஃப், சார்” என்றேன்.

துரையின் முகம் மலர்ந்தது. வெயில் ஏறிவிட்டது, ஊருக்கு அனுப்புவதுதான் சரி, நாளை மத்தியானம் லீவு எடுத்துக்கொண்டு ரயிலேற்றிவிட்டு வா என்றார். படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ‘ஃபார்’ இருந்தால் வரவழைப்பது, இல்லாவிட்டால் அனுப்பிவைப்பது.

மெஸ்ஸில் என் அறைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“ஒரு ஃபார்தானேடா? போய்ச் சேத்துட்டு வாயேன்.”

“லீவும் குடுத்தாச்சு. இங்க இல்லாத பொண்டாட்டிய அனுப்பறேன்னு பொய் சொன்னியான்னு கேட்டா, வேலை போயிடும்” என்றேன்.

மறுநாள் போக்கிடம் தெரியாமல் ஹவுராவுக்கே போனேன். மதராஸ் மெயில் புறப்பட நின்றது. ஜன்னலோரம் இருந்த ஒரு தமிழ்ப் பெண் வெளியே நின்ற புருஷனிடம், “ஊறுகா ஜாடிய மூட மறந்துடாதேங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. வழியனுப்பவாவது அவனுக்கு ஒருத்தி இருந்தாள். வண்டி நகர்ந்தபோது நானும் கையை ஆட்டினேன்.

கிடங்கு வீடு வேறொரு குடும்பத்துக்குப் போயிற்று. துர்க்கா பூஜை முடிந்ததும் இன்னொரு வீடு காலியானது. மறுபடி துரையிடம் போனேன். இந்தத் தடவை ‘ஃபார்’ அழுத்தமாகவே விழுந்தது.

துரை சிரித்தார். “அதற்குள்ளாகவா? இப்போதுதானே அனுப்பினாய்? பாவம், அம்மாவோடு ஒரு வருஷமாவது இருந்துவிட்டு வரட்டும்” என்றார்.

என் மனைவி அதுவரை கல்கத்தாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. “எஸ் சார்” என்றேன்.