ஏகாம்பரம் மாற்றிய பேஸ்

"சார், நீங்க குட்த்த பொட்டிய எடுத்துக்கினு போயிருங்க. அது வந்ததுலருந்து இருந்த சத்தமும் பூட்ச்சு."

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் அருகே நான் ஆடியோ கடை திறந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. 2005 வாக்கில் இருக்கும். போனில் பேசியவர் ஏகாம்பரம். இரும்புக் கம்பி மில்லில் எலக்ட்ரீஷியன், வீடு ஆரம்பாக்கம். அவரிடம் நல்ல ஸ்டீரியோ ஸ்பீக்கர் ஜோடி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதோடு அடித்தொனிக்கென்றே ஒரு சப்-ஊஃபரைச் சேர்த்தால் தவில் நெஞ்சில் வந்து அடிக்கும் என்று ஆசை காட்டி விற்றவன் நான்தான். எலக்ட்ரீஷியன்தானே என்று ஒயர் இணைப்பைத் தாளில் வரைந்து கொடுத்ததோடு விட்டுவிட்டேன். பிடிக்காவிட்டால் பத்து நாளில் திருப்பித் தரலாம் என்று வாக்கு வேறு கொடுத்திருந்தேன்.

அவருடைய ஷிப்டில் இன்னும் நான்கு பேர், ஏகாம்பரம் வீட்டில் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று காத்திருந்தார்கள். பெட்டி திரும்பி வந்தால் அந்த மில் பக்கமே எனக்கு வியாபாரம் கிடையாது.

சப்-ஊஃபர் சேர்த்த பிறகு சத்தம் குறைந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு பேர் சேர்ந்து கட்டிலைத் தூக்கும்போது ஒருவர் மேலே தூக்க, மற்றவர் கீழே அழுத்தினால் எப்படி? ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது சப்-ஊஃபர் இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் பொருதும் இடத்தில் தவில் காணாமல் போய்விடும். இதைச் சரிசெய்ய சப்-ஊஃபரின் முதுகில் ஃபேஸ் என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ஒரு பக்கம் பூஜ்யம், மறுபக்கம் 180.

"பேஸ மாத்திப் பாருங்க சார்" என்றேன். "அடித்தொனிக்குச் சொல்ற பேஸ் இல்ல, ஃபேஸ்."

"எலக்ட்ரீஷியனாண்ட வந்து பேஸுன்னா இன்னான்னு சொல்றீங்களா? வையுங்க, பாத்துட்டு சொல்றேன்."

அரை மணியில் மறுபடி போன். "மாத்திட்டேன். ஒண்ணியும் வேலைக்கு ஆவல."

"ஒழுங்கா மாத்துனீங்களா?" எனக்கு மூக்கின் மேல் கோபம். அன்றும் அது குரலில் வந்துவிட்டது.

"அல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன் சார். ஞாயித்துக்கெழம ஷிப்டு ஆளுங்க வராங்கோ. அவங்க முன்னாடியே வந்து தூக்கிக்கினு போங்க."

ஞாயிறு காலை சூளூர்பேட்டை ரயிலைப் பிடித்து ஆரம்பாக்கத்தில் இறங்கினேன். ஷிப்டு ஆட்கள் இரண்டு பேர் எனக்கு முன்பே வந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா எனக்குக் காபி கொடுத்தபடியே முறையிட்டார்.

"இவரு இன்னா பண்றாருன்னே தெரில சார். உங்களுக்குப் போன் பண்ணாரே, அன்னிக்கு ஃபேன் ஒருக்கா வேகமா ஓடுது, ஒருக்கா நின்னுபோறமேரி ஓடுது. ஃபிரிட்ஜு உறுமுது."

சப்-ஊஃபருக்கும் ஃபேனுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரியவில்லை. ஏகாம்பரம் என் கையைப் பிடித்து வாசல் பக்கம் இருந்த மெயின் போர்டுக்கு அழைத்துப் போனார். மூன்று பேஸ் கரண்ட் வரும் வீடு. ஒன்றில் வோல்டேஜ் குறைந்தால் இன்னொன்றுக்குத் திருப்ப ஒரு சுவிட்ச் இருக்கும். அதைக் காட்டினார்.

"இதோ பாருங்க. மூணு பேஸும் போட்டுப் பாத்துட்டேன். எதுலயும் உங்க பொட்டி கத்தல."

சிரிப்பு தொண்டைவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் மில்லில் அவரை நம்பித்தான் மெஷினில் கை வைக்கிறார்கள். அதோடு, வோல்டேஜ் குறையும் எங்கள் ஊரில் 'பேஸ் மாத்து' என்றால் எவரும் அந்த சுவிட்சைத்தான் திருப்புவார்கள். அவரிடம் எரிந்து விழுந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னுது சார்" என்றேன். "எந்த பேஸுன்னு நான் சொல்லல."

அவரை வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்து, தவில் சி.டி.யை ஓடவிட்டு, பெட்டியின் முதுகில் இருந்த சுவிட்சைத் தட்டினேன். தவில் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. பிறகு பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தினேன். எந்தத் தொனிக்குக் கீழே சப்-ஊஃபர் வாசிக்க வேண்டும் என்று வரையறுக்கும் கிராஸ்ஓவர் திருகை எண்பதில் நிறுத்தி, பெட்டியின் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அடுப்படியிலிருந்து சரோஜா எட்டிப்பார்த்தார்.

"இப்ப எந்தப் பொட்டி வாசிக்குது சார்?"

சப்-ஊஃபர் இருக்குமிடம் காதுக்குத் தெரியக்கூடாது. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. மனசு நிறைந்துவிட்டது.

மெயின் போர்டு விஷயத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. ஏகாம்பரமே போட்டு உடைத்தார். "அவரு பொட்டி பேஸ சொல்லிக்கினு இருக்காரு, நான் ஊட்டு மெயின திருப்பிக்கினு இருந்தேன்பா." ஷிப்டு ஆட்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவர் மில் முழுக்க இதைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் கடைக்கு வந்தவர்கள், "அந்த பேஸ் மாத்துற பொட்டி இருக்குதா?" என்றுதான் கேட்டார்கள்.

அன்றிலிருந்து போனில் எதைச் சொல்வதானாலும், "இப்ப எங்க நிக்கறீங்க, கை எதுமேல இருக்குது?" என்று கேட்டுக்கொள்வேன். "ஒழுங்கா செஞ்சீங்களா?" என்று மட்டும் யாரையும் கேட்பதில்லை. ஏகாம்பரம் நான் சொன்னதை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்.